பழைய வக்கீல் ஆபீஸின் வரலாறு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி:
மூன்று தலைமுறையாக நடக்கும் சிறிய வக்கீல் ஆபீஸ் ஒன்றின் வரலாற்றை 40 பக்கத்துக்குள் எழுத வேண்டும். தொடங்கிய ஆண்டையே ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். பரணில் கேஸ் கட்டுகள், டைரிகள், கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன. எதை முதலில் எடுக்கலாம்? கட்சிக்காரர் பெயரைப் போடலாமா?

பதில் 1:
ஆபீஸைத் தொடங்கிய சீனியர், வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட நாள், தனியாக ஆபீஸ் போட்ட நாள், பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதிய நாள், இன்றைய பெயர் வந்த நாள் என்று நான்கு தேதிகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். நான்கையும் எழுதிவிடுங்கள். பத்திரத்தில் கையெழுத்தான தேதி ஒன்று, அமலுக்கு வரும் தேதி வேறொன்று என்றிருக்கலாம். கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.

அடுத்து லெட்டர்ஹெட். பார்ட்னர்கள் பெயர் வரிசை, முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் மாறிக்கொண்டே வரும். புதுப் பெயர் முதலில் தென்படும் கடிதத்தின் தேதிக்குள் மாற்றம் நடந்துவிட்டது என்று கொள்ளலாம். பழைய பெயர் கடைசியாக வரும் தேதியை நம்பாதீர்கள். அச்சடித்த தாள் தீரும்வரை அதிலேயே கடிதம் போகும்.

பதில் 2:
கட்டைப் பிரிக்குமுன் இருந்த வரிசையிலேயே படம் எடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். அதன் மடங்கிய கால்களை மெல்ல நிமிர்த்தி எடுக்க வேண்டும். பளபளப்பான பழைய ஃபேக்ஸ் தாள்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே போகும். ஸ்கேன் நுணுக்கம் தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), போட்டோவுக்கு 600. லேமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கட்சிக்காரரின் அசல் பத்திரம் ஏதாவது உள்ளே இருந்தால் உடனே சீனியரிடம் கொடுங்கள், அது ஆபீஸுக்குச் சொந்தமானதில்லை.

பதில் 3:
வழக்கு முடிந்தாலும், கட்சிக்காரரே இறந்தாலும், ரகசியம் காக்கும் கடமை தீராது. அச்சான தீர்ப்பில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். தீர்ப்புத் தொகுப்புகளில் ஆஜரான வக்கீல் பெயரும் இருக்கும், அதை வைத்தே தேடலாம். பெயரை மாற்றிவிட்டு "ஊரின் ஒரே நூற்பாலை" என்று எழுதினால் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
கணக்குப் புத்தகம் எதற்காவது உதவுமா?

பதில் 1:
நிறையவே. வாடகை வாங்கிக்கொண்ட கட்டடக்காரர் பெயர் மாறும் மாதம், பெரும்பாலும் ஆபீஸ் இடம் மாறிய மாதமாக இருக்கும். சம்பளப் பக்கத்தில் குமாஸ்தா, டைப்பிஸ்ட், விலகிப்போன ஜூனியர் எல்லோரும் இருப்பார்கள். பழைய குமாஸ்தா இருந்தால் அந்தப் பக்கத்தை அவர் முன் விரித்துவைத்து ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பெரிய வழக்குகளைத்தான் சொல்வார்.