புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கடிகாரம்

பக்கத்து வீட்டுத் தாத்தா காலமானதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அவருடைய ஊசல் கடிகாரத்தை அவர் மகள் எனக்குக் கொடுத்ததையும், எங்கள் சுவரில் மாட்டியதும் அது நின்றுபோனதையும் சொல்லிப் புலம்பியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஓடுகிறது.

பழுது ஒன்றும் இல்லை. நான்தான் கோணலாக மாட்டியிருக்கிறேன். ஊசல் கடிகாரம் நேராகத் தொங்காவிட்டால் 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இருக்காது. நொண்டி நொண்டி ஓடிக் கடைசியில் நின்றுவிடும். தாத்தா இதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் சரிபார்ப்பார். நானும் அப்படியே நின்று, அடிப்பக்கத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். அரை மணி நேரம் போனது, சரி, போகட்டும்.

அப்புறம் ஊசல் குண்டுக்குக் கீழே இருக்கும் திருகு. குண்டை ஏற்றினால் கடிகாரம் வேகமாக ஓடும், இறக்கினால் மெதுவாகும். சிறு வயதில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 1 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நூலில் ஒரு பூட்டைக் கட்டி ஆட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக 1 நொடி என்று எண்ண வைத்தார். பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை.

பெட்டிக்குள் ஒட்டியிருந்த சீட்டை நேற்றுதான் பார்த்தேன். சாவி கொடுத்த தேதிகள், ஞாயிறுதோறும், பென்சிலில். கடைசி வரிகளில் எழுத்து நடுங்கியிருக்கிறது. நேற்றும் ஞாயிறுதான். சாவி கொடுத்துவிட்டு, கீழே தேதி எழுதினேன். பென்சிலில்.