இடப்பக்கம் வளையாத குதிரைக்கு டிரஸ்ஸாஜ் பாடம் எதற்கு?

தேரூர்க்காரன்:
என்னிடம் இருப்பது காயடித்த மார்வாரிக் குதிரை. வலப்பக்கம் அழகாக வளைகிறான். இடப்பக்கம் திருப்பினால் இடது கடிவாள வாரில் பாரத்தைப் போட்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வட்டத்துக்குள் சாய்கிறான். டிரஸ்ஸாஜ் (குதிரையைச் சீராக நடக்கவும் வளையவும் பழக்கும் பாடம்) ஆசிரியர் 20 மீட்டர் வட்டம், நடை, டிராட் (மிதமான ஓட்டம்), மறுபடி நடை என்றே ஓட்டுகிறார். இது பலன் தருமா?

முப்பந்தல்:
நிறுத்திவிடு தம்பி. அது ஐரோப்பியக் குதிரைகளுக்கான பாடம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-இல், டிரஸ்ஸாஜ் குழுத் தங்கம் வாங்கின நம்மவர்கள் நாலு பேரும் ஐரோப்பாவில் பழகித்தான் வந்தார்கள். மார்வாரி பாலைவனத்தில் ஓடப் பிறந்தவன். சங்குத்துறைக் கடற்கரை மணலில் நாலு நாள் கேன்டரில் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) விடு, உடம்பு தானாக இளகும். இல்லையென்றால் கடிவாளத்தைக் கொஞ்சம் கடுமையானதாக மாற்று.

குளச்சல்காரி:
அண்ணாச்சி, கடுமையான கடிவாளம் மட்டும் வேண்டவே வேண்டாம். வலி வந்தால் தலையைத் தூக்குவான், முதுகு குழியும், விறைப்பு இன்னும் கூடும். நமக்கு வலக்கை இடக்கைப் பழக்கம் இருப்பதுபோல எந்தக் குதிரைக்கும் ஒரு பக்கம் சுலபம், ஒரு பக்கம் கஷ்டம். இடது வாரை இழுத்தால் கழுத்து மட்டும்தான் ஒடியும், விலா அப்படியே நிற்கும். உங்கள் இடது காலைச் சேணவார் (சேணத்தின் வயிற்றுப் பட்டை) பக்கம் வைத்து அழுத்தி, அவன் இடது பின்னங்காலை வயிற்றுக்கடியில் வைக்கும்போது அந்த உந்தலை வலது வாரில் வாங்க வேண்டும். வட்டம் கற்றுத்தருவது அதைத்தான். கடற்கரையில் நேராக ஓடினால் தனக்குப் பிடித்த காலையே முன்னே வைத்துக் கேன்டர் போவான், வளைய வேண்டிய தேவையே வராது. ஆழமான மணல் தசைநாணுக்கும் கேடு.

அப்புறம், இனத்தைப் பற்றி. ஷோல்டர்-இன் (தோளை உள்பக்கம் கொண்டுவந்து நடக்க வைப்பது) பயிற்சியை 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் வகுத்தது தோளைத் தளர்த்தத்தான். அவர் மெச்சியது ஸ்பானியக் குதிரைகளை. இன்று போட்டியில் பார்க்கிற பெரிய இனங்கள் இன்றைய வடிவில் அப்போது இல்லை.

முப்பந்தல்:
சரி, கடிவாளத்தை விடுங்கள். ஆனால் நம் வெயிலில் மணிக்கணக்காக வட்டமடித்தால் மூட்டு என்னாகும்? அவனுக்கும் சலித்துப்போகும். அதை யாரும் சொல்வதில்லை.

குளச்சல்காரி:
அதில் உங்கள் பக்கம்தான் நான். விடியற்காலையில் இருபது நிமிடம் போதும், அடிக்கடி பக்கம் மாற்றி, நடுநடுவே வாரை நீளமாக விட்டு நடக்க வைக்கணும். பத்து மீட்டர் வட்டம் இப்போது கூடவே கூடாது. மிச்ச நேரம் கால்வாய்க் கரையில் கூட்டிப் போகலாம், அங்கே வளைவுகள் இருக்கின்றன. தம்பி, பல்லையும் குளம்பையும் சேணம் பொருந்துகிறதா என்பதையும் யாராவது பார்த்தார்களா? வலியோடு இருப்பவனைப் பாடத்தால் வளைக்க முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்று பின்னாலிருந்து வீடியோவும் எடுக்கச் சொல்லுங்கள்.

தேரூர்க்காரன்:
மருத்துவர் வந்து பார்த்தார் அக்கா. இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பு கூர்மையாகிக் கன்னத்தை உரசியிருக்கிறது, ராவிவிட்டார். குளம்பு, சேணம் இரண்டும் சரி. ஷோல்டர்-இன் எப்போது தொடங்கலாம்?

முப்பந்தல்:
பல்தான் காரணம் என்றால் வட்டமே தேவையில்லையே!

குளச்சல்காரி:
பல் வலி போய்விடும் அண்ணாச்சி, வலிக்குப் பயந்து உடம்பு பழகின கோணல் போக நாளாகும். தம்பி, வாய் ஆறட்டும், பிறகு வட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் டிராட் வரட்டும். அதுவரை ஷோல்டர்-இன் வேண்டாம்.