ஒரே வசவுச் சொல் நண்பர்களிடம் சிரிப்பாகவும் பொது இடத்தில் அவமானமாகவும் ஆவது ஏன்?

கேள்வி (கடலூர்):
கடலூர் பேருந்து நிலையத்தில் கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையால் கூப்பிட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள். அதே சொல்லைச் சில்லறைத் தகராறில் நடத்துநர் பயணியிடம் சொன்னால் சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குப் போகிறது. புண்படுத்துவது எது? பிற நாடுகளிலும் இப்படித்தானா?

பதில் (புதுச்சேரி):
ஒவ்வொரு சமூகமும் எதைப் பொத்திப் பாதுகாக்கிறதோ அதைத் தொட்டே வசவுகள் பிறக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் வாழ்வை ஆண்டதால், அங்கே நற்கருணைப் பேழையும் திருக்கிண்ணமுமே வசவாகிவிட்டன. நெதர்லாந்தில் புற்றுநோய், டைபாய்டு போன்ற நோய்களின் பெயரால் திட்டுகிறார்கள். நம்மிடம் தாயும் சகோதரியும் சாதியும். சொல் ஊருக்கு ஊர் மாறினாலும், நாலு பேர் முன்னால் மானத்தைப் பறிப்பது என்ற செயல் மாறுவதில்லை. நண்பனிடம் அந்த நோக்கம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்நியரிடம் அப்படி நம்ப வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. தாய்மொழி வசவைக் கேட்கும்போது தோலின் மின்கடத்துதிறன் (உணர்ச்சி அதிர்வைக் காட்டும் அளவு) கூடுவதையும், பின்னாளில் கற்ற மொழியில் அந்த அதிர்வு குறைவதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆங்கில வசவைக் கூசாமல் உதிர்க்கும் பிள்ளைகள் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை வீட்டில் சொல்லத் தயங்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதில் (கடலூர், தினமும் புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவள்):
ஐயா சொன்னதில் பெண்களின் பக்கம் விடுபட்டிருக்கிறது. இருக்கைக்காகச் சண்டையிடுவது இரண்டு ஆண்கள். ஆனால் வாயில் இழுபடுவது அந்தச் சண்டையில் இல்லாத அவர்களுடைய அம்மாக்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் பள்ளி மாணவிகள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். மாணவர்களின் சிரிப்புப் பேச்சும் எங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது. அவர்களுக்குள் இருக்கும் உரிமைக்கு நாங்கள் இசைவு தரவில்லையே. பெண்ணுடலை இழிவுபடுத்தாமல் கோபப்பட இவர்களுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லையா என்று ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

பதில் (புதுச்சேரி, வழக்கறிஞர்):
அம்மா சொல்வதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. பிறருக்குத் தொல்லை தரும் வகையில் பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசினால், பாரதிய நியாய சன்ஹிதா 296ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2024 ஜூலை 1 வரை இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவாக இருந்தது. திட்டு வாங்கியவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. அருகில் நின்று கேட்டவரும் தரலாம். ஆனால் தமக்குத் தொல்லை ஏற்பட்டது என்பதை வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் வழக்கு நிற்பது கடினம்.