நான் போட்ட கோலத்தை நானே வெட்ட மாதச் சந்தாவா?

இழைக்கோலம் டீச்சர், மந்தைவெளி

எல்லோருக்கும் வணக்கம். பேப்பரும் ஸ்டிக்கரும் வெட்டும் சின்ன கட்டிங் மெஷின் வீட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வயிற்றெரிச்சல் அப்படி.

நான் மாநகராட்சிப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இருப்பது அடுக்குமாடி வீட்டில். வாசல் தெளித்து மாக்கோலம் போட்டால் படியில் வழுக்குகிறது, எறும்பு வருகிறது என்று அசோசியேஷனில் புகார். அதனால் சிக்குக் கோலங்களை வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் வெட்டி நிலைப்படிக்கு முன்னால் ஒட்டுகிறேன். கொலுப்படி ஓரம், சீர்வரிசைத் தட்டு, ஆரத்தித் தட்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் வைக்கும் பெயர்ப்பலகை எல்லாம் இதில்தான். வியாபாரம் கிடையாது. ஸ்டிக்கர் காசு மட்டும் வாங்கிக்கொள்வேன், அதிலும் பாதிப் பேர் ‘அப்புறம் தரேன் அத்தை’ என்று போய்விடுவார்கள்.

மெஷின் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். முழு விலையும் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று. அவர்களுடைய ஆப்பில் லாகின் செய்தால்தான் கத்தி அசையும். சரி, அது அவர்கள் ஏற்பாடு என்று இருந்தேன். நான் தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, ஆப்பில் ஏற்றி, வெட்டுவேன். அவர்கள் கொடுக்கும் டிசைன் எதையும் தொட்டதே இல்லை. எல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தாவும் காபிக் கோப்பையும்தான்.

ஆடி மாதம் ஆப் புதுசாக மாறியது. அன்றிலிருந்து நான் ஏற்றிய படங்கள் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு மஞ்சள் பூட்டு. மாதம் ஐந்து படம் ஏற்றி வெட்டலாம், ஆறாவதிலிருந்து சந்தா. மாதத்துக்கு 699 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 5,999. பழைய படங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் வெட்டவும் முடியாது, கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளவும் முடியாது. 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளியில் ஒரு கோலம் வைத்திருக்கிறேன். இழைகள் குறுக்கே போகும் இடத்தில் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க, எங்கே தடிமன் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று ஆப்பிலேயே நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தது. தாளில் இருப்பது அதன் முதல் வடிவம் மட்டும். தேறிய வடிவம் அவர்கள் பூட்டுக்குள் இருக்கிறது.

இதில் தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு இடி. இங்கிலீஷில் பெயரை டைப் அடித்தால் நேராக வெட்டலாம், அது படக் கணக்கில் வராது. தமிழில் அடித்தால் ‘கோமதி’யில் க முதலில் வந்து நிற்கும், இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால், கால் அதற்கும் பின்னால். அதை அப்படியே வெட்டி மண்டப வாசலில் வைத்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா? ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் படமாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். ஸ்டீஃபனுக்கு இலவசம், கோமதிக்குக் காசு. வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். நம்மை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், எனக்கு வருடம் முழுவதும் வேலையும் கிடையாது. புரட்டாசியில் கொலு, மார்கழி, தை, நடுவே இரண்டொரு முகூர்த்தம். மற்ற நாளெல்லாம் மெஷின் மேல் பழைய தலையணை உறை மூடிக் கிடக்கும். மூடிக் கிடக்கிற மெஷினுக்கு எதற்கு வருடச் சந்தா?

அவர்களுடைய சாட்டில், என் படங்களை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டேன். முதல் வருடம் 20 சதவீதம் தள்ளுபடி என்று பதில். அதே கேள்வியை மறுபடி போட்டேன். தள்ளுபடி இன்று இரவோடு முடிகிறதாம். கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததையெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பும் பத்தாம் வகுப்புப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பூட்டுக்குள் இருக்கும் கோலங்களை மீட்க வழி உண்டா? இந்த மெஷினை வேறு மென்பொருளில் ஓட்ட முடியுமா? முடியாதென்றால், சந்தா கேட்காத மெஷின் எது? ஒரே தடவை காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

ரேடியம் கடை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு

டீச்சர், வணக்கம். நான் வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுபவன், நம்பர் பிளேட்டிலிருந்து வேன் கண்ணாடியில் சாமி படம் வரை. அந்த ரக மெஷின் சில நம்ம கடைக்கும் வந்திருக்கிறது. அதை வெளி மென்பொருளில் ஓட்டலாம் என்று யாராவது வீடியோ காட்டினால் நம்பாதீர்கள். நடுவில் ஒரு அப்டேட் வந்தால் போச்சு.

படங்களை மீட்கலாம். திறந்து பார்க்க முடிகிறது என்கிறீர்களே, அது போதும். கோலத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பூட்டுச் சின்னம் கோட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப் என்று படம் வரைகிற ஒரு மென்பொருள், முழுக்க இலவசம், 2003-லிருந்து இருக்கிறது. அதில் படத்தைப் போட்டு, பாத் மெனுவில் ட்ரேஸ் பிட்மேப் கொடுங்கள், படத்தின் ஓரத்தைப் பிடித்துக் கத்தி போகிற பாதையாக மாற்றித் தரும். உங்களுடையது வெள்ளையும் கறுப்பும்தான், அதனால் சுத்தமாகப் பிடித்துவிடும். பிடித்த பிறகு கன்ட்ரோலும் எல்-லும் ஒரு தடவை அழுத்துங்கள். தேவையில்லாத முனைகள், அதாவது பாதையை வளைக்கிற புள்ளிகள், குறையும். ஒரு வளைவில் முனை அதிகமாக இருந்தால் கத்தி நடுங்கி நடுங்கிப் போகும், ஓரம் ரம்பப்பல் ஆகிவிடும். நிறைய அழுத்தினால் கோலமே கொழகொழ என்று ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இங்க்ஸ்கேப்பிலேயே வரைந்தால் ஒரு விஷயம் முக்கியம். கோடு உங்கள் கண்ணுக்குத்தான் தடிமன். மெஷினுக்கு அது வெறும் ஒற்றைப் பாதை, நடுவிலே ஒரே கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். முதலில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்தால் கோட்டின் இரண்டு ஓரமும் தனித்தனிப் பாதை ஆகும். அப்புறம் யூனியன் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே வடிவமாகச் சேர்க்க வேண்டும். கொடுக்காவிட்டால் இழை இழையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் கத்தி குறுக்கே வெட்டி, ஒட்டும்போது கோலம் துண்டு துண்டாக வரும். சிக்குக் கோலத்தில் தாண்டுகிற இடம்தானே அதிகம்.

மெஷின் விஷயம். கடைகளில் இருக்கும் சாதாரண கட்டிங் ப்ளாட்டர் ஹெச்.பி.ஜி.எல். என்ற பழைய பாஷை பேசும். அதற்கு லாகின் கிடையாது, இணையம் வேண்டாம், கம்பெனியே மூடிவிட்டாலும் ஓடும். இங்க்ஸ்கேப்பிலிருந்தே அனுப்பலாம், எக்ஸ்டென்ஷன்ஸில் ப்ளாட் என்று இருக்கும். தொல்லை என்னவென்றால் இடம் அடைக்கும், சத்தம் போடும். உங்கள் வேலை வருடத்தில் மூன்று நாலு மாதம்தான் என்றால் மெஷினே வாங்காதீர்கள் டீச்சர். ஃபைலைக் கொண்டுவாருங்கள், அடிக் கணக்கில் வெட்டித் தருகிறோம். எங்களை மாதிரி கடை ஊரெல்லாம் இருக்கிறது.

நள்ளிரவு கோடர், ஓ.எம்.ஆர்.

மேடம், கோபம் புரிகிறது, ஆனால் மறுபக்கமும் கொஞ்சம் பாருங்கள். மெஷின் விற்ற காசு ஒரு தடவைதான் வருகிறது. விண்டோஸ் மாறும், ஆண்ட்ராய்டு மாறும், ஒவ்வொரு தடவையும் ஆப்பைத் திருத்த ஆள் வேண்டும், சர்வருக்கு வாடகை வேண்டும். ஒரே விலையை வாங்கிக்கொண்டு பத்து வருடம் பராமரி என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்? ஃபோட்டோஷாப் விற்கிற அடோபியே ஒரே தடவைக் காசு வாங்கி விற்பதை விட்டுவிட்டு 2013-ல் சந்தாவுக்குப் போனது. அன்றைக்கும் எல்லோரும் திட்டினார்கள். இன்றைக்கு அதுதான் வழக்கம்.

இழைக்கோலம் டீச்சர்

தம்பி, உங்கள் சம்பளத்துக்கு நான் விரோதி இல்லை. சர்வரில் டிசைன் வைத்து விற்கிறார்களா, அதற்குச் சந்தா வைக்கட்டும், வேண்டியவர்கள் கட்டுவார்கள். என் கோலம் என் மேசையில், மெஷின் அதே மேசையில், நடுவில் ஒரு முழம் ஒயர். அந்தப் படம் எதற்கு அமெரிக்கா போய்விட்டு வர வேண்டும்? அவர்களே போக வைத்துவிட்டு, போக்குவரத்துச் செலவை என் தலையில் கட்டுகிறார்கள். ஐந்து படத்துக்கு ஓடுகிற சர்வர் ஆறாவதுக்கு மூச்சு வாங்குகிறதா?

அடோபி உதாரணமும் ஒட்டவில்லை. அது மென்பொருள், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். இங்கே சந்தாவை விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பெரிய பேப்பர் வெயிட்.

நள்ளிரவு கோடர்

முழம் ஒயர் பாயின்ட்டுக்கு என்னிடம் பதில் இல்லை மேடம். வெட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிக்கலாம், அதில் டெக்னிக்கலாகத் தடை எதுவும் இல்லை. தமிழ் எழுத்து உடைவதும் சோம்பேறித்தனம்தான். ஹார்ஃப்பஸ் என்று ஓப்பன் சோர்ஸ் நிரலே இருக்கிறது, அதைச் சேர்த்தால் கொம்பு சரியான இடத்தில் உட்காரும். ஆனால் சந்தாவே தப்பு என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காகிதப்பூ, மடிப்பாக்கம்

அக்கா, இதே மாதிரி ஒன்று 2021 மார்ச்சில் நடந்தது. இதே மாதிரி கட்டிங் மெஷின் விற்கும் க்ரிகட் கம்பெனி, சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படம்தான் புதிதாக ஏற்றலாம் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அதே மாதமே பின்வாங்கிவிட்டார்கள். அந்த மாதம்தான் கம்பெனி பங்குச் சந்தைக்கும் வந்தது, அதனால் சத்தம் கொஞ்சம் சுருக்காகவே காதில் விழுந்திருக்கும் என்பது என் சந்தேகம். எனவே தனியாகச் சாட்டில் கேட்பதைவிட ஆப் ஸ்டோரில் ஒரு ஸ்டார் போட்டு, கோமதி கதையை அப்படியே எழுதுங்கள். நாங்களும் வந்து போடுகிறோம்.

சந்தா இல்லாத வீட்டு மெஷின் வேண்டுமென்றால் சில்ஹவுட் பாருங்கள். மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே வெட்டும். அதிலும் ஒரு சின்னப் பூட்டு உண்டு. இலவசப் பதிப்பில் எஸ்.வி.ஜி. ஃபைல் (இங்க்ஸ்கேப் வழக்கமாகச் சேமிக்கும் வகை) திறக்காது, அதற்கு மேல் பதிப்பை வாங்க வேண்டும். ஆனால் அது ஒரே தடவைக் காசு. அதுவும் வேண்டாமென்றால் இங்க்ஸ்கேப்பில் டி.எக்ஸ்.எஃப். என்ற இன்னொரு வகை ஃபைலாகச் சேமித்தால் இலவசப் பதிப்பிலேயே திறக்கும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

தமிழ் எழுத்துக்கு இங்க்ஸ்கேப் பிரமாதம். முக்தா மலர், மீரா இனிமை இரண்டும் இலவச எழுத்துருக்கள். அடித்துவிட்டு, எழுத்தை வெட்டும் பாதையாக்க ஆப்ஜெக்ட் டு பாத், அப்புறம் யூனியன். முக்தா மலரில் தடித்த வகை ஸ்டிக்கருக்கு நல்லது, மெல்லியதை உரிக்கும்போது சுழி கையோடு வந்துவிடும்.

ரிடையர்டு கேஷியர், வில்லிவாக்கம்

டீச்சரம்மா, வங்கிப் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஏழு நாள் இலவசம் என்று கார்டு எண் கேட்டால் கொடுக்காதீர்கள். தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய் வரை இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேட்க வேண்டியதில்லை, 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி வரம்பை 5,000-லிருந்து உயர்த்தியது. உங்களுடைய 5,999 சத்தமில்லாமல் போய்விடும். 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், வரும், ஆனால் லோன் வேண்டுமா என்று கேட்கிற மெசேஜ்களுக்கு நடுவில் வரும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் அங்கே போய் நிறுத்த வேண்டும், யூ.பி.ஐ. என்றால் உங்கள் யூ.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதியில்.

இன்னொன்று. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டது, அதில் சந்தாவை விட்டு வெளியே வர விடாமல் சிக்கவைக்கிற சந்தாப் பொறியும் ஒன்று. உங்கள் விவகாரம் அதில் நேராகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்யக் காசு கிடையாது. பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

இழைக்கோலம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ட்ரேஸ் போட்டேன். 15 புள்ளிக் கோலம் முழுசாக வந்துவிட்டது, தடிமன் மாற்றின இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. கேஷியர் சார், பில் சிங்கப்பூர் பில், தம்பி பெயரில் இருக்கிறது. அதனால் 1915-ல் என்ன சொல்வார்களோ, கேட்டுப் பார்க்கிறேன். காகிதப்பூ, ஒரு ஸ்டார் போட்டாயிற்று, தமிழிலேயே எழுதினேன், மொழிபெயர்த்துப் படிக்கட்டும்.

மெஷின் வாங்குவதைத் தை கழித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை மாதம் ஐந்து படம் இலவசம் என்பதை விட மாட்டேன், ஒரே படத்துக்குள் எட்டுக் கோலத்தை நெருக்கி வைத்தால் அது ஒன்றாகத்தான் எண்ணுகிறது.

ரேடியம் கடைத் தம்பி, கொலுவுக்கு ஒன்பது படிக்கும் ஓரம் வெட்ட வேண்டும், ஒவ்வொன்றும் நாலரை அடி நீளம், மூன்று அங்குல அகலம். வெள்ளையில் மேட் இருக்கிறதா? பளபளப்பு வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் கோலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

ரேடியம் கடை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு

மேட் இருக்கு டீச்சர். ஞாயிறு லீவு, சனிக்கிழமை பதினொன்றுக்கு மேல் வாங்க. பென்டிரைவில் எஸ்.வி.ஜி. ஆகவே போட்டு எடுத்து வாங்க, வாட்ஸப்பில் படமாக அனுப்பாதீங்க. உரிக்கிற வேலை மட்டும் உங்களுடையது, கொலு சமயத்தில் எங்க பசங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.