குல்மார்க், அவுலி: பனிச்சறுக்குப் போய் வந்த பெண்களின் அனுபவங்கள்

பிப்ரவரியில் தோழிகளோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போனேன். பெண்கள் மட்டும். 2,650 மீட்டர் உயரம் என்பதால் முதல் நாள் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து உடம்பைப் பழக்கிக்கொண்டோம்.

ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகையை வாடகைக்குத் தரும் கடையில் எடை கேட்டார்கள். பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் பூட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். எங்களில் ஒருத்தி எடையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவே மாட்டாள். அவள் "82 கிலோ" என்று கணீரென்று சொன்னாள். கடைக்காரர் திருகாணியைத் திருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அந்த எண் அவளைக் காப்பாற்றத்தான் அங்கே தேவைப்பட்டது. வெளியே வந்தவள் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் சந்தோஷம் தருகிறது.

அப்புறம் சின்னச் சரிவில் பாடம். பலகைகளின் முன்நுனியை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். தொடை எரியும். ஆனால் அந்த நேரத்தில் மாமியாரின் மருந்து, மகளின் பரீட்சை எதுவும் மனதில் வராது. காலையும் சரிவையும் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

*

அக்கா, எடை விஷயத்தை எழுதியதற்கு நன்றி. நான் உத்தராகண்டில் இருக்கும் அவுலியில், அந்த மாநில அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் வகுப்பில் பனிச்சறுக்கு கற்றேன். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் காயம் ஸ்கீ விளையாடும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அதனால் கிளம்புவதற்கு முன்பே மாடிப்படி ஏறியும் உட்கார்ந்து எழுந்தும் தொடையைப் பலப்படுத்தினேன். அந்தப் பலம் ஊர் திரும்பிய பிறகும் கூடவே இருக்கிறது. முதுகுவலி குறைந்துவிட்டது, தூக்கமும் நன்றாக வருகிறது.

மனாலி பக்கத்துப் புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர் 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்றார். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் என்று அதை அப்போது கொண்டாடினார்கள், வாங்கியது ஒரு பெண். வகுப்பில் பயம் வரும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: சரிவில் கழிப்பறை பக்கத்தில் இருக்காது. தோளில் மாட்டும் பட்டை வைத்த பேன்ட்டைவிட இடுப்போடு நிற்கும் பேன்ட் வசதி. மாதவிடாய் நாட்களில் இது ரொம்பவே உதவும்.