மூக்கு வலப்பக்கம் திரும்பியபோது: தாக்குதல் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் அனுபவங்கள்

சூரமங்கலத்திலிருந்து:

டிசிஎஸ் என்னும் கணினிச் சிமுலேட்டரில் ஏஎச்-64டி அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரை ஓட்டக் கற்றுவரும் என் சித்தப்பா மகன், சென்ற கோடையில் ஒரு சிக்கலோடு என்னிடம் வந்தான். தரையிலிருந்து எழுந்து அந்தரத்தில் நிற்க முயலும்போதெல்லாம் ஹெலிகாப்டரின் மூக்கு வலப்பக்கமாகத் திரும்புகிறது என்றும், இடது பெடலை அடிவரை மிதித்தாலும் அது நிற்பதில்லை என்றும் சொன்னான். பெடலின் சென்சார் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, புதிய பெடலுக்கு விலையும் விசாரித்து வைத்திருந்தான். அந்தப் பணம் செலவாகாமல் தடுத்த சோதனையை வரிசையாக எழுதுகிறேன். இதே அறிகுறி வேறு பலருக்கும் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் வலது கன்ட்ரோல், என்டர் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னேன். ஜாய்ஸ்டிக், கலெக்டிவ் (ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை மாற்றி ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்), பெடல் ஆகிய மூன்றும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கின்றன என்பதைச் சிமுலேட்டர் ஒரு சிறு கட்டத்தில் காட்டும். அவன் இடது பெடலை மிதித்தபோது அதற்குரிய குறி இடது எல்லை வரை தடையின்றிச் சென்றது. பெடல் அனுப்பும் செய்தி ஹெலிகாப்டருக்குப் போய்ச் சேர்கிறது என்பது அங்கேயே உறுதியாகிவிட்டதால், சென்சார் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து ரோட்டரின் சுழற்சி வேகத்தைப் பார்த்தோம். அப்பாச்சியில் அது 101 விழுக்காட்டில் நிற்க வேண்டும். அவன் கலெக்டிவை உயர்த்த உயர்த்த அது இறங்கிக்கொண்டே வந்தது. அதற்கான எச்சரிக்கை ஒலி முழு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. பாரசீக வளைகுடா வரைபடத்தில், கடும் வெயில் பிற்பகலில், நிரம்பிய எரிபொருளோடும் 16 ஹெல்ஃபயர் ஏவுகணைகளோடும் அமைக்கப்பட்ட பயிற்சி அது.

அந்த நிலையில் நடப்பது இதுதான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையைத் தாங்க ரோட்டர் இறக்கைகள் கூடுதல் கோணத்தில் காற்றை வெட்ட வேண்டியிருக்கிறது, அதற்குக் கூடுதல் திறன் வேண்டும். அதே சூடான காற்றை உள்ளிழுக்கும் என்ஜின்களோ, டர்பைன் வெப்பநிலை எல்லையைச் சீக்கிரமே எட்டிவிடுவதால், வழக்கமான திறனைத் தர இயலாமல் நின்றுவிடுகின்றன. தேவை கூடி, வரவு குறையும்போது ரோட்டர் வேகம் சரிகிறது. வால் ரோட்டர் தனி என்ஜினால் சுழல்வதில்லை. பிரதான ரோட்டரோடு பற்சக்கரங்களாலும் தண்டுகளாலும் பிணைக்கப்பட்டிருப்பதால், அதன் வேகமும் அதே விகிதத்தில் குறைகிறது. அதன் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 5 விழுக்காடு வேகம் குறைந்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு தள்ளுவிசை போய்விடும். மேலிருந்து பார்க்கையில் அப்பாச்சியின் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதன் எதிர்விளைவாக உடற்பகுதி வலப்பக்கம் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கும் வால் ரோட்டர் வலுவிழந்தவுடன் மூக்கு வலப்பக்கம் போகிறது. எத்தனை விலையுயர்ந்த பெடலை வாங்கி மாட்டியிருந்தாலும் அது நின்றிருக்காது.

கலெக்டிவைச் சற்றே தாழ்த்தச் சொன்னேன். ரோட்டர் வேகம் மீண்டது, மூக்கும் நின்றது. எரிபொருளைப் பாதியாக்கி, ஏவுகணைகளை எட்டாகக் குறைத்தபின் அதே வெயிலில் அந்தரத்தில் அமைதியாக நின்றான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதப் பிற்பகலில் வெப்பநிலை 39 பாகையைத் தொடும்போது, அங்குள்ள காற்றின் அடர்த்தி, திட்ட வளிமண்டலக் கணக்கில் (கடல் மட்டத்தில் 15 பாகை என்று கொண்டு போடும் கணக்கு) 1200 மீட்டருக்கும் மேலே உள்ள காற்றின் அடர்த்திக்குச் சமமாகிவிடுகிறது. கோடையில் சேலத்துத் தரையில் நிற்கும் ஹெலிகாப்டர், தன்னளவில் ஏற்காட்டு மலைப்பாதையில் பெரும்பகுதியை ஏறிவிட்டது என்றே கொள்ளலாம். கோடையில் 25 பாகை இருக்கும் ஒரு நாளில் ஏற்காட்டுக்கே போனால், 1500 மீட்டர் உயரம் 2200 மீட்டராகக் கணக்காகும். உயரமானியைப் பார்த்து மட்டும் எடையை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

அப்பாச்சியின் திரையில் பெர்ஃப் என்றொரு பக்கம் இருக்கிறது. அப்போதைய அழுத்த உயரம் (காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் உயரம்), வெளிவெப்பநிலை, மொத்த எடை ஆகியவற்றைக் கொண்டு, அந்தரத்தில் நிற்கத் தேவையான டார்க் (ரோட்டரைச் சுழற்றும் முறுக்குவிசை) எவ்வளவு, கிடைக்கக்கூடிய அதிகபட்ச டார்க் எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. தரைக்கு அருகில் நிற்பதற்கு ஓர் எண்ணும், தரையின் தாங்கல் இல்லாத உயரத்தில் நிற்பதற்கு ஓர் எண்ணும் தனித்தனியே வரும். ஆயுதங்களை இயக்கிக் காட்டும் ஆர்வத்தில் பெரும்பாலான பாடக் காணொளிகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகின்றன. புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பக்கம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஏற்காட்டிலிருந்து:

சூரமங்கலத்து அண்ணா சொன்ன அறிகுறியை நான் எம்ஐ-24பி ஹெலிகாப்டரில் பார்த்திருக்கிறேன்; ஆனால் அங்கே மூக்கு இடப்பக்கம் திரும்பும். ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டரான எம்ஐ-24-இன் பிரதான ரோட்டர் மேலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் சுழல்வதே அதற்குக் காரணம். அப்பாச்சியில் பழகிய காலுக்கு இது பெரும் தொல்லை. ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாமல், ஒன்றில் கால் நன்றாகப் பழகியபின் மற்றொன்றுக்குப் போகுமாறு என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

எம்ஐ-24 கனமான பறவை. அதன் குட்டை இறக்கைகள் வேகமாகப் பறக்கும்போது எடையில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. அந்தரத்தில் நிற்கும்போதோ ரோட்டர் கீழே தள்ளும் காற்றுக்கு அவையே குறுக்கே நிற்கின்றன. எனவே சூடான இடங்களில் இதை நேராக மேலே தூக்க முயலாமல், சக்கரங்களில் ஓடவிட்டு எழுப்புவதே முறை. ஏறத்தாழ 16 முதல் 24 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்துக்குள் ரோட்டர் புதிய, கலங்காத காற்றுக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் உடல் சற்றே அதிரும், பிறகு கலெக்டிவைத் தொடாமலேயே ஹெலிகாப்டர் மேலெழும். அதை முதன்முறை கையில் உணர்ந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

அண்ணாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இறங்கும்போது ஹெலிகாப்டர் திடீரெனக் கீழே அமிழ்ந்தால், எல்லோரும் அதைத் 'திறன் போதவில்லை' என்றே எழுதுகிறார்கள். ஆனால் இருவேறு காரணங்கள் இதே தோற்றத்தைத் தரும். ஒன்று அண்ணா சொன்னது: அங்கே டார்க் எல்லையைத் தொட்டிருக்கும், ரோட்டர் வேகம் சரிந்திருக்கும். மற்றொன்று சுழல்வளைய நிலை: முன்னோக்கிய வேகம் மிகக் குறைவாக இருக்கையில், திறனைக் கொடுத்தபடியே செங்குத்தாக வேகமாக இறங்கினால், ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே தானும் இறங்கி, இறக்கைகளின் நுனியைச் சுற்றி அந்தக் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகிறது. அப்போது ரோட்டர் வேகம் குறையாமல் இருக்கும். டார்க்கிலும் மிச்சம் இருக்கலாம். ஆயினும் கலெக்டிவை உயர்த்தினால் வீழ்ச்சி கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இரண்டையும் பிரித்தறிய ரோட்டர் வேகமானியை ஒருமுறை பார்த்தால் போதும். அது சரிந்திருந்தால் கலெக்டிவைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். அது நிலையாக இருந்தும் கீழே விழுந்தால், கலெக்டிவைக் குறைத்து, சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்த்து நகர்த்தும் கோல்; நம் ஜாய்ஸ்டிக் அதன் வேலையைச் செய்கிறது) முன்னே தள்ளிக் கலங்கிய காற்றிலிருந்து வெளியேற வேண்டும். வெளியேறக் கொஞ்சம் உயரம் செலவாகும் என்பதால், தரைக்கு அருகில் இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

மலையில் இறங்கிப் பழக விரும்புகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும் உதவும். அதில் 2022 நவம்பரில் ஹெலிகாப்டர்கள் சேர்க்கப்பட்டன. தாக்குதல் ஹெலிகாப்டராக இல்லாவிட்டாலும், பெல் 407-ஐ எடுத்துக்கொண்டு கமலாபுரத்திலிருந்து சேர்வராயன் மலை மேல் ஏறி, கோயில் இருக்கும் மேட்டுப் பக்கம் இறங்கிப் பார்க்கலாம். கீழே எளிதாகக் கட்டுப்பட்ட கலெக்டிவ், மேலே அதே எடைக்கு எவ்வளவு உயர வேண்டியிருக்கிறது என்பதை எண்களின்றிக் கையே கற்றுக்கொள்ளும்.

இது விளையாட்டுக்குள் மட்டும் முடிகிற செய்தியும் அன்று. 1999 கார்கில் போரில், அந்த உயரங்களில் எம்ஐ-25, எம்ஐ-35 தாக்குதல் ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்த இயலாமல், ராக்கெட் பொருத்திய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுந்த தேவைதான் பிரசண்ட் என்னும் நம் இலகுவகைத் தாக்குதல் ஹெலிகாப்டராக வளர்ந்து, 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப் படையில் சேர்ந்தது. 5000 மீட்டர் உயரத்திலும் இறங்கி ஏற வல்லது அது. பெர்ஃப் பக்கத்தில் நாம் பார்க்கும் அந்த இரண்டு எண்களின் இடைவெளியே ஒரு ஹெலிகாப்டர் எங்கே போர் செய்யும், எங்கே செய்யாது என்பதைத் தீர்மானிக்கிறது.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அண்ணனும் அக்காவும் காற்றைப் பற்றி எழுதியதால், நான் கருவி பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் தெருவில் மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் யூஎஸ்பி ஹப் ஒரு கணம் அணைந்து எழும். அப்படியொரு மாலைக்குப் பிறகு, அதுவரை சீராகப் பறந்த அப்பாச்சியின் மூக்கு இரு பக்கமும் நடுங்கத் தொடங்கியது. அண்ணா குறிப்பிட்ட அதே கட்டத்தைத் திறந்து, காலையும் கையையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது, யாரும் தொடாமலேயே பெடலின் குறி துடித்துக்கொண்டிருந்தது.

டிசிஎஸ் ஒவ்வொரு கருவிக்கும் அதன் அடையாள எண்ணோடு ஒரு கோப்பை வைத்து, நாம் செய்த இணைப்புகளை அதில் சேமிக்கிறது. விண்டோஸ் அதே கருவிக்கு வேறு அடையாளம் கொடுத்துவிட்டால், சிமுலேட்டர் அதைப் புதிய கருவி என்று எண்ணி, இயல்பான இணைப்புகளைத் தானே சேர்த்துவிடும். அப்படித்தான் ஜாய்ஸ்டிக்கின் திருகு அச்சும் பெடலும் ஒரே சமயத்தில் ஒரே வேலைக்கு இணைக்கப்பட்டிருந்தன. திருகு அச்சின் பழைய பொட்டென்ஷியோமீட்டர் (திருகின் நிலையை அளக்கும் மின்பாகம்) தரும் சிறு அதிர்வு முழுவதும் வால் ரோட்டருக்குப் போயிற்று. அந்த இணைப்பை நீக்கியவுடன் நடுக்கம் நின்றது. இப்போது இணைப்புக் கோப்புகளைத் தனியே நகலெடுத்து வைத்திருக்கிறேன். தனி மின் இணைப்புள்ள ஹப் ஒன்றையும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டேன்.

ஆத்தூரிலிருந்து:

நான் புதியவன், அண்ணா. இரண்டு கேள்விகள். ஸ்டார்ட் சுவிட்சைத் தட்டியபின் என்ஜின் சுழல்கிறது, ஆனால் பற்றுவதில்லை. அது பற்றிய நாள்களில், அந்தரத்தில் டிரிம் செய்தவுடன் (ஜாய்ஸ்டிக்கின் அப்போதைய சாய்வைப் பொத்தானால் சேமித்தவுடன்) ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகத் துள்ளுகிறது. கோளாறு எங்கே இருக்கும்?

சூரமங்கலத்திலிருந்து:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். என்ஜின் சுழற்சி ஏறுகிறது, டர்பைன் வெப்பநிலை மட்டும் ஏறவில்லை என்றால், ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்கிறது, எரிபொருள் வரவில்லை என்று பொருள். என்ஜினுக்கு எரிபொருளை விடும் பிடியான பவர் லீவர் ஆஃப் நிலையிலேயே நிற்கிறது. மேசையிலுள்ள திராட்டிலை நகர்த்துவதால் மட்டும் அது ஆஃப் நிலையைத் தாண்டி ஐடிலுக்கு வராது; அதற்கென்று உள்ள தனி விசையை ஒரு பொத்தானோடு இணைத்து, சுழற்சி ஏறத் தொடங்கியபின் அழுத்த வேண்டும். என்ஜின் பற்றிய நாள்களில் நீங்கள் மவுஸால் லீவரை நகர்த்தியிருக்கக்கூடும்.

இரண்டாவது, உங்கள் ஜாய்ஸ்டிக்கின் சுருளோடு தொடர்புடையது. உண்மையான அப்பாச்சியில் டிரிம் செய்தால் சைக்ளிக் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நம் ஜாய்ஸ்டிக்கைச் சுருள் நடுவுக்கு இழுக்கிறது. நீங்கள் பொத்தானை விட்டபின்னும் கையை அதே சாய்வில் வைத்திருந்தால், சிமுலேட்டர் சேமித்த சாய்வோடு உங்கள் கையின் சாய்வும் கூடி இரட்டிப்பாகிறது. துள்ளல் அதிலிருந்து வருகிறது. விருப்பங்களில் அப்பாச்சிக்குரிய பகுதிக்குப் போய், ஜாய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும்வரை புதிய அசைவுகளை ஏற்காமல் காத்திருக்கும் டிரிம் முறையைத் தேர்ந்தெடுங்கள். பெடலுக்கும் அதே போன்ற தெரிவு தனியே இருக்கிறது. உங்கள் பெடலில் சுருள் இருந்தால் மட்டும் அதை இயக்குங்கள்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் மாற்றினால் எது தீர்த்தது என்று உங்களுக்கே தெரியாது. சோதிக்கும்போது வெப்பநிலையை 15 பாகையாகவும், எரிபொருளைப் பாதியாகவும், ஆயுதங்கள் எதுவும் இல்லாமலும் வையுங்கள். அதன் பிறகும் துள்ளினால், பெர்ஃப் பக்கத்தின் படத்தையும், கன்ட்ரோல் கட்டம் தெரியும் படத்தையும் சேர்த்து இங்கே இடுங்கள். அக்காவும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.