கால்வாய்க்கரையில் "புலிக்குட்டி" கிடக்கிறது என்று கூப்பிடுபவர்களுக்கு

கிருலப்பனையிலிருந்து:
கொழும்பை அடுத்த நாவல பக்கம் கால்வாய்க்கரைப் புல்லை மெஷினால் வெட்டும்போது வெளிப்பட்ட அந்த இரண்டு குட்டிகள் மனதை விட்டுப் போகவில்லை. அப்போதுதான் கண் திறந்தவை. வழக்கம்போல "புலிக்குட்டி" என்று கூட்டம் கூடி, பசும்பால் பருக்கி, பின்னேரமே ஒன்றுக்கு வயிற்றோட்டம். அவை புலியல்ல, சிங்களத்தில் ஹந்துன் திவியா எனப்படும் மீன்பிடிப் பூனை. புள்ளிகள் நடுவில் வெளியில்லாமல் முழுக் கறுப்பாக, முதுகு நீளத்துக்கு வரிசையாக ஓடும். வால் கட்டை, உடம்பில் பாதிகூட வராது. சிறுத்தையின் புள்ளி வளையமாக இருக்கும், வாலும் நீளம்.

குட்டியைக் கண்டால் மெஷினை நிறுத்துங்கள். எடுக்க வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். வெட்டின புல்லையே வெயில் படாமல் மேலே பரப்பி, நாய்களைக் கட்டி, ஆட்களைக் கலைத்துவிடுங்கள். டோர்ச் வெளிச்சம் இருக்கும்வரை தாய் கிட்ட வராது. வந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். ஒன்று மிஞ்சிக் கிடந்தால் கைவிட்டுவிட்டது என்று எண்ணித் தூக்காதீர்கள். சுற்றிவர ஈர மணல் தூவினால் காலையில் தடம் தெரியும். நகக்குறி இருந்தால் வந்தது நாய்.

ராஜகிரியவிலிருந்து:
கடைசி வரி பிழை. வீட்டுப் பூனைக்குத்தான் அது பொருந்தும். மீன்பிடிப் பூனையின் நகம் உறைக்குள் முழுதாக மறையாது, சேற்றில் நகக்குறி விழும். விரல்களைப் பாருங்கள். நாய்க்கு முன்னிரு விரலும் ஒரே மட்டம், பூனைக்கு ஒன்று சற்று முந்தியிருக்கும். நகத்தை மட்டும் நம்பினால், தாய் வந்துபோன இடத்தில் "நாய் வந்திருக்கிறது" என்று குட்டியைத் தூக்கிவிடுவோம்.

வெள்ளவத்தையிலிருந்து:
தடம் பார்ப்பதெல்லாம் பிறகு. புல்லை ஏன் அடியோடு வெட்டுகிறோம்? டெங்கு என்பார்கள். டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டை, டயர், பீலி, பூச்சாடித் தட்டு இவற்றில் தேங்கும் தண்ணீரில். அந்தச் சிரமதானத்தை வளவுக்குள் செய்தால் பலன் உண்டு. 2018இல் கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இந்தப் புல்லும் சேறும் மிஞ்சியிருந்ததால்தான்.

வெட்டியே ஆகவேண்டுமென்றால் முதலில் ஆட்கள் தடியோடு மெதுவாக நடந்து பார்க்கட்டும். வெட்டு ரோட்டுப் பக்கம் தொடங்கித் தண்ணீர்ப் பக்கம் போகவேண்டும். மறுதலையாகச் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் ரோட்டுக்கு ஓடி வாகனத்தில் அடிபடும். நீரோரத்தில் சில மீற்றர் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். மீதியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பாதியை வெட்டி, அது தளிர்த்த பிறகு மறுபாதி.

அந்த உழைப்பை வெல் ஆத்தா மீது காட்டலாம். அன்னமுன்னா இனத்து அந்நிய மரம், சதுப்பை அப்படியே மூடிவிடும். வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை தளிர்க்கும். கன்றுகளை மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பழம் விழுமுன் பறித்துவிட வேண்டும், விழுந்தால் மிதந்துபோய் அடுத்த கரையில் முளைக்கும். பிடுங்கியதைத் தண்ணீரோரம் குவிக்காமல் மேட்டில் காயவிடுங்கள்.

பத்தரமுல்லையிலிருந்து:
தடமும் இல்லை, குட்டி காலையிலும் அங்கேயே குளிர்ந்து கிடக்கிறது என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அவர்கள் அழைப்பை எடுத்தவுடன் இடத்தைச் சொல்லுங்கள்: எந்தப் பாலம், எந்தக் கரை. பிறகு எத்தனை குட்டி, கண் திறந்ததா, காயம் உண்டா, யாராவது ஏதும் பருக்கினார்களா. பால் கொடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம், சிகிச்சை அதைப் பொறுத்தது. அவர்கள் வரும்வரை பழைய துணி விரித்த மட்டைப்பெட்டியில், நிழலில், மூடியில் காற்றுத்துளையோடு வையுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.